ஜூம் கேமரா வேண்டாம்

அக்கா,

நேற்று சாயங்காலம் கூடத்தில் இருந்தது நீ, மாமா, பெரியப்பா மகன் உத்தமன், நான்.

மாமா சொன்னதை நீயும் கேட்டாய். "மச்சான், ஒன் கேமராவுல ஜூம் இல்ல. கிட்ட வந்து வந்து நிக்கிற. அத்தக் குடுத்துட்டு ஜூம் வச்சது வாங்கிக்க, மேல ஆவுறத நான் தரேன். காதுகுத்துக்குத் தள்ளி நின்னே எடுக்கலாம். கொழந்தைய உத்தமன் மடியில வச்சிக்கட்டும்."

தாய்மாமன் நான். நைட் ஷிப்ட் வேலையை விட்டு நின்றவன் மடி ஆகாது போலிருக்கிறது.

கேமராவை மாற்றமாட்டேன். மடி இல்லையென்றால் படமும் இல்லை. வேறு ஆளைப் பாருங்கள்.

குழம்பைச் சூடு பண்ணி மூடியிருக்கிறேன்.

கஜபதி

பாப்பாவை எடுத்த பிலிம் ரோலைக் கரையான்சாவடி ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருக்கிறேன். ரசீது அரிசி டப்பா மேல். சிரிக்கிற படத்தை மட்டும் பெரிசாகப் போடச் சொல்.

கதவைப் பூட்டி, என்னிடமிருக்கும் சாவியையும் எதிர்வீட்டு வடிவக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.