பெயர் சொல்லாத அழைப்பு

திருவரங்குளம்
20-10-2024

அடியும் முடியும் காட்டாது ஒளியாய் ஓங்கிய பெருமான், நம் வீட்டுச் சிறுவிளக்கிலும் குடியிருந்து காப்பானாக.

அன்பிற்குரிய மருமகள் பிரகதீஸ்வரிக்கு, மாமன் வெள்ளைச்சாமி எழுதுவது. கோவையில் நீயும் மாப்பிள்ளை பிரசாந்தும், உன்னோடிருக்கும் உன் தாயாரான என் அக்காளும் நலமென நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

உன் அத்தை சொர்ணம் பக்கவாதத்தில் வலக்கையையும் பேச்சையும் இழந்த நாள்முதல், பார்க்க வந்தவர் எல்லாரும் அவளிடம் உரக்கப் பேசினார்கள். நீ ஒருத்திதான் பேசாதிருந்தாய். கட்டிலருகே பகல் முழுதும் அமர்ந்து அவள் இடக்கை போகுமிடமெல்லாம் உன் கண்ணையும் அனுப்பினாய். கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருப்போரிடம் காணும் அமைதியை அன்று உன்னிடம் கண்டேன்.

தொட்டால் பதில் சொல்லும் திரைகளை வடிவமைப்பவள் நீ. எந்த அலுவலகத்தையும் சாராமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவள். ஆகவே கணினியோடு வருவாய் என்றிருந்தேன். நீயோ சேலைப்பெட்டி அட்டையை நறுக்கிப் படம் வரைந்து, சோற்றுப்பருக்கையால் பலகையில் ஒட்டினாய். நீ வரைந்த கண்ணாடித் தம்ளரை அவள் சட்டை செய்யவில்லை. அதைக் கிழித்துவிட்டு நம் வீட்டுப் பித்தளைச் செம்பை வரைந்தாய். அவள் கை உடனே அதன்மேல் வந்தது. வலப்பக்கம் இருப்பது அவள் பார்வையில் படவில்லை என்று நீ கண்டுகொண்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

மாலை ஆறு மணி ஆனதும் எல்லாவற்றையும் மூடிவைத்து, உன் அத்தையைக் கவனித்துக்கொள்ளும் கண்ணாத்தாளின் மகளோடு தெருவில் இறகுப்பந்து ஆடப் போனாய். உள்ளூர நகைத்தேன். பிறகு, காலத்தில் நடை சாத்துவதும் வழிபாட்டில் ஒரு பகுதியல்லவா என்று தெளிந்தேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்கலாகாது. ஷார்ஜாவிலிருந்து கவியரசன் கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறான். "அம்மாவுக்குப் பசிக்குதா வலிக்குதான்னுகூட ஒங்களுக்குத் தெரியலியேப்பா. திருச்சியில ஒரு இல்லத்துல சேத்துருவோம்" என்கிறான். அவன் சொல்வதில் பிழையில்லை. ஆயினும் என் நெஞ்சு உடன்படவில்லை. நீ செய்து அனுப்புவதாகச் சொன்ன திரையை நம்பியிருக்கிறேன்.

உன் மாமன்
வெள்ளைச்சாமி

கோயம்புத்தூர்
04-11-2024

அன்புள்ள மாமாவுக்கு, பிரகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டுமுறை படிக்கச் சொன்னார்கள். "பாத்தியா, எந்தம்பி எழுத்து தேர் மாதிரி அசைஞ்சுல்ல வருது" என்று தெருவெல்லாம் பெருமை.

அட்டையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு மாமா. அட்டையைக் கிழிக்க மனம் வரும். பாடுபட்டுச் செய்த திரையை அழிக்க மனம் வராது. தவறுகளையெல்லாம் அட்டையிலேயே செய்து முடித்துவிட வேண்டும்.

டேப்லெட்டைப் பேருந்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படங்கள் பெரியவை, எல்லாம் இடப்பக்கம்; தொட்டால் குரல் சொல்லும். தண்ணி, கஞ்சி, வலிக்குது, போதும், வேணாம், பிறகு உங்கள் முகம். எந்திரக் குரல் ரயில் நிலைய அறிவிப்புப் போல இருந்ததால், அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தேன். எதற்கென்று சொல்லவில்லை, சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும்.

அத்தை முதன்முதல் தொடும்போது, அவர்கள் கையைக் கண்ணாத்தாள் அக்கா தன் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பட்டும். வேறொன்றும் சொல்லித்தர வேண்டாம்.

நாங்கள் இங்கே மகளிர் குழுவாக இறகுப்பந்துப் போட்டிக்குத் தயாராகிறோம். எங்களில் இளையவளே நான்தான் என்பதிலிருந்து ஆட்டத்தின் வேகத்தை அறிந்துகொள்ளலாம்.

உங்கள் அன்பு மருமகள்
பிரகதீஸ்வரி

திருவரங்குளம்
15-11-2024

விடமுண்டும் அருள் மாறாத அண்ணல் துணை.

அன்புள்ள மருமகளுக்கு ஆசிகள்.

திரை வந்து சேர்ந்தது. உன் அத்தை செம்பைத் தொட்டாள், "தண்ணி" என்றது. கண்ணாத்தாள் கொடுத்தாள். கஞ்சியைத் தொட்டாள்; அதுவும் கிடைத்தது. பூசையறையில் இருந்தபடி கேட்டு, கண்கலங்கி அமர்ந்திருந்தேன். அடுத்து, "வெள்ளைச்சாமி" என்று என் பெயர் தெளிவாய் ஒலித்தது. அசரீரி கேட்டவன்போல் ஓடினேன். நான் போய்ச் சேருமுன் திரையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். அதன்பின் எத்தனை கெஞ்சியும் தொடவில்லை. "என்ன கோவமுன்னு தெரியலியே அய்யா" என்று கண்ணாத்தாளும் கையைப் பிசைகிறாள். அவள் எடுத்த படம் உனக்கு வந்திருக்கும்.

நீ வருந்தலாகாது. உன் உழைப்பில் குறையில்லை. எங்கள் வினை அவ்வளவே. கவியரசன் வரும் நாள் நெருங்குகிறது. அவளுடைய துணிமணிகளை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.

மாமன்
வெள்ளைச்சாமி

கோயம்புத்தூர்
24-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

துணிகளைத் திரும்ப அலமாரியில் வையுங்கள். வினை உங்களுடையது அல்ல, என்னுடையது. நான் செய்ததை ஒருவர் தொடவில்லையென்றால் குற்றம் தொடாதவரிடம் இல்லை. இந்தத் தொழிலில் நான் விடாமல் பிடித்திருக்கும் விதி அது ஒன்றே.

கண்ணாத்தாள் அக்கா எடுத்த படத்தை ஒலியில்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் முகத்தை நோக்கி அத்தையின் கை ஆசையாகத்தான் போகிறது. தொட்ட மறுகணம் அதே கை அவர்கள் வாயைப் பொத்துகிறது. அது கோபம் அல்ல மாமா, நாணம். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"அடி கூறுகெட்டவளே! எந்தம்பி பொண்டாட்டி வாயில அவன் பேர வச்சுட்டியா? ரேசன் கடையில புருசன் பேரு கேட்டாக்கூட என்னயத்தான சொல்லச் சொல்வா!"

"அப்ப அத்தை எப்படித்தாம்மா கூப்பிடுவாக?"

"எப்படிக் கூப்பிடுவா, 'இந்தாங்க'ம்பா. அதுக்கு அவன் தெருக்கோடியில நின்டாலும் திரும்புவான்."

பிரசாந்தை 'டேய்' என்று அழைக்கிறவள் நான். உங்களை அம்மா பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டே வளர்ந்தவள். செம்பைக் கவனித்த கண், இதைக் கவனிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அத்தை சொல்லாமல் காத்த ஒன்றை, நான் அவர்கள் வாயில் திணித்துவிட்டேன்.

உங்கள் முகத்தை எடுக்கவில்லை. அது சொல்லும் சொல்லை மட்டும் மாற்றிவிட்டேன். இங்கிருந்தே இணையம் வழியாக வந்துவிடும். அன்று ஒருநாள் ஆறு மணிக்கு நடை சாத்தவில்லை. தோழிகள் மைதானத்தில் காத்திருந்து, என்னைத் திட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

திரையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். யாரும் கெஞ்ச வேண்டாம். அத்தைக்குத் தோன்றும்போது தொடட்டும்.

பிரகதீஸ்வரி

திருவரங்குளம்
15-12-2024

ஆயிரம் பெயருடையானும் பெயரொன்றும் இல்லானுமாகிய இறைவன் திருவடி வாழ்க.

என் கண்ணனைய மருமகளுக்கு,

தீபத்தன்று கவியரசன் வந்தான். அதுவரை உன் அத்தை திரையைத் தொடவேயில்லை. அந்தி வேளையில் வாசலில் கண்ணாத்தாள் அகல் வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். நான் இறைவனின் ஆயிரம் நாமங்களைச் சொல்லிப் பூவிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தாயின் காலடியில் அமர்ந்து அவன் கேட்பது காதில் விழுந்தது. "திருச்சியில நல்லாப் பாத்துக்குவாங்கம்மா. போவமா?"

பிறகு ஒலித்தது: "இந்தாங்க."

குரல் என் அக்காளுடையதுதான். அழைத்தவள் யாரென்று என் கால்களுக்குத் தெரிந்தது. எந்நாளும் இடையில் எழாதவன், கைப்பூவோடு எழுந்து ஓடினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே கையை நகர்த்தினாள். "வேணாம்."

"என்னம்மா வேணாம்?" என்றான் மகன்.

மீண்டும் "வேணாம்" என்றது. பின் என் முகத்தின்மேல் விரல் வைத்து, "இந்தாங்க" என்று அழைத்து, அங்கேயே விரலை வைத்திருந்தாள். கவியரசன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரிப்பா. அம்மா இங்ஙனயே இருக்கட்டும்" என்றான். நேற்றுத் திருச்சிக்குப் போனவன், மருத்துவக் கட்டில் ஒன்றை வாங்கி வந்து இறக்கினான்.

அன்றுமுதல் ஓயாத அழைப்பு. போய் நின்றால் தண்ணீரும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். வந்தேனா என்று பார்க்கிறாள், அவ்வளவே. "இனி அய்யா பூசை முடிச்ச மாதிரித்தான்" என்று சிரிக்கிறாள் கண்ணாத்தாள்.

ஆயிரம் பெயர் சொல்லி நான் ஒருவனை அழைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை ஒரு பெயரும் சொல்லாமல் என்னை அழைக்கிறாள். இத்தனை காலமும் அப்படியே அழைத்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்ததுண்டு, கேட்டதில்லை. கேட்கச் செய்தவள் நீ. ஒரு கை வாயைப் பொத்தியதைக் கண்டு, அதன் பொருள் விளங்கும்வரை உறங்காத உன் தொழிலை நான் தவமென்றே சொல்வேன்.

இதை எழுதும்போதும் அழைப்பு வந்தது; போய் நின்றுவிட்டு வந்து முடிக்கிறேன்.

உன் விரல் தொட்டதெல்லாம் வாய் திறக்கட்டும். மாலைதோறும் உன் பந்து வானில் ஏறட்டும். நீயும் மாப்பிள்ளையும் என் அக்காளும் வாழும் அந்த வீட்டில், எப்பெயரிட்டு அழைத்தாலும், பெயரின்றி அழைத்தாலும், அழைத்த குரலுக்கு வந்து நிற்க ஒருவர் என்றும் இருக்கட்டும்.

உன் மாமன்
வெள்ளைச்சாமி