ஒன்பது நாள் காலியான இருக்கை

அன்பு மகளுக்கு,

பல்கலைக்கழகத்திலிருந்து உன்னை நீக்கியாயிற்று. ஒழுங்குக் குழுத் தலைவராக நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிப்பில் குறையில்லை, வகுப்பிலேயே நீதான் முதல். ஆனால் எல்லா மாணவரும் கட்டாயம் வரவேண்டிய காலை ஆராதனையில் உன் இருக்கை ஒன்பது நாள் காலி.

அந்த ஒன்பது நாளும் நீ ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையிருந்தாய். தெரியும். விடுப்புக் கடிதத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டு வந்து நின்றாய். மகளுக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு ஒருவனும் வாயைத் திறக்கக் கூடாதே, அதனால்தான் போடவில்லை.

"காரணம் ஏதாவது இருக்கா சார்?" என்று குழுவில் கேட்டார்கள்.

"கடிதம் எதுவும் வரலை" என்றேன். அது பொய்யில்லை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். உன்னையேதான் கேட்கிறாள். உனக்குப் பரீட்சை நடக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே வந்து என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உனக்காக ஜெபிக்கும்,
அப்பா