நாலு விரல் உயரம்

மார்ச் 6, ஞாயிறு

ஊரில் எங்கள் வீட்டில் தொங்கும் நோட்டை மைத்துனன் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். நான் வேலை பார்க்கும் லிஃப்ட் இயந்திர அறைகளில் ஒரு நோட்டு தொங்கும். யார் எதைத் தொட்டாலும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபது வருடப் பழக்கம், விடுமா? ஒப்பந்த வேலைக்கு இந்த நாட்டுக்குக் கிளம்பும்போது, வாடகைக்கு விட்ட வீட்டிலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, மோட்டார் எப்போது போடுவது, எந்தச் சன்னலை எப்படிச் சாத்துவது என்று பதினான்கு பக்கம் எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். "குடி வர்றவங்களா, வேலைக்கு வர்றவங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

குடியிருப்பவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். என்னைவிட ஒழுங்கு. "குளியலறைக் குழாய் சொட்டியது. வாஷர் மாற்றினேன்." "மின்விசிறி துடைத்தேன்." அவர் மனைவி, அந்த அம்மா, ஒரு வரிகூட எழுதியதில்லை. சில பேருக்கு எழுதச் சோம்பல்.

மார்ச் 19

ஏழாம் மாடியில் லிஃப்ட் நிற்கும் மட்டம் பார்த்தோம். தீக்குச்சி கனம் பிசகினாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு 'ரசமட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, நல்ல கருவிதான்.

ஆனால் என் சொந்த வீட்டில் என்ன வாழ்கிறதாம்? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நாலு விரல் உயரத்தில் ஒரு தடுப்புப் படி. கட்டியவன் எதற்காக வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. பத்து வருடமாக அதில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, அடுத்த மாதம் எடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 2

குடியிருப்பவர்கள் அடுத்த வாரம் நாலு நாள் உறவினர் வீட்டுக்குப் போகிறார்களாம். மைத்துனனிடம் ஒரு சாவி இருக்கிறது. நல்ல சமயம். படியை உடைத்துத் தரையைச் சமமாக்கிவிடச் சொல்லிவிட்டேன். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

"ஒரு வார்த்தை அவங்கள கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"நல்லது செய்யறதுக்குக்கூடவா கேப்பாங்க?" என்றேன்.

ஏப்ரல் 7

வேலை முடிந்தது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்தே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். குமிழி நட்ட நடுவில். மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 9

அந்த அம்மா விழுந்துவிட்டார். சமையலறையில். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அந்தச் சமமான தரையில் எப்படி விழுந்தார்?

ஏப்ரல் 10

குடியிருப்பவரிடம் பேசினேன். தரை வழுக்கலாகிவிட்டதா சார் என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார். மூணு வருஷமாச்சு. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும்."

காலையில் ஊரிலிருந்து வந்ததும் வாசலில் பையை வைத்துவிட்டு அவர் அப்படியே கடை திறக்கப் போயிருக்கிறார். அந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். படியில் கால் பட்டால்தான் அவருக்குச் சமையலறை. அதிலிருந்து இடப்பக்கம் மூன்று எட்டில் அடுப்பு, நேரே நாலு எட்டில் மேடை. படி வரும், வரும் என்று நடந்து, மேடையில் போய் மோதி விழுந்திருக்கிறார்.

ஏன் சார் எங்ககிட்ட சொல்லல, என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல சொன்னோம் சார். அடுப்பு எப்படிப் பத்த வைப்பாங்க, தீப்பிடிச்சா யாரு பொறுப்புன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புதான். வீட்டக் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."

கையை முறிச்சவன் நான். மன்னிப்புக் கேக்கறது அவரு.

மைத்துனனைக் கூப்பிட்டுத் திட்டினேன். "நான் போனா நேரா வந்து கதவத் திறப்பாங்க மாமா, சிரிச்சுப் பேசுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்?" அவன் சொல்வதும் சரிதான்.

ஏப்ரல் 11

வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 16

நாலு நாள் முன்பு அந்த அம்மாவே பேசினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தப் படியத் திரும்பக் கட்டிக் குடுத்துடுங்க சார், போதும். ஆனா பழைய உயரமே இருக்கணும்."

கட்டலாம். உயரம் என்ன? நாலு விரல் என்றால் யாருடைய விரல்? ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் அளக்கிறவன், பத்து வருடமாக இடித்துக்கொண்ட படியை ஒரு தடவைகூட அளந்ததில்லை. கடைசியில் அந்த அம்மாதான் கையில் கட்டோடு பக்கத்தில் நின்று, ஈரச் சிமெண்டின் மேல் பலகை வைத்துக் காலால் தொட்டுப் பார்த்துச் சொன்னாராம். கொத்தனார் மூன்று முறை பூசியிருக்கிறார்.

ஏப்ரல் 24

"பாவம்தான். ஆனா மறைச்சது மறைச்சதுதானே?" என்கிறாள் இவள். சாப்பிடும்போது ஒரு தடவை, பாத்திரம் துலக்கும்போது ஒரு தடவை. மறைக்க வைத்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேனோ? முதல் நாளே அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சாவியைக் கொடுத்திருப்பேனா? நேர்மையாக எழுது. தெரியாது.

செப்டம்பர் 21

திட்டம் சுருங்கிவிட்டது. இரண்டாவது கட்டடம் கிடையாதாம். டிசம்பர் தொடக்கத்தில் எல்லோரும் ஊர் திரும்பலாம்.

இவள் இன்றே பெட்டியை இறக்கித் தூசி தட்டிவிட்டாள். இந்த ஒற்றை அறையில், சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியும் இடத்தில், முணுமுணுக்காமல் இருந்தவள். "என் வீட்டுல, என் சமையலறையில ஒரு வாய் தண்ணி குடிச்சாத்தான் தாகம் அடங்கும்" என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போது நான் என்னவென்று எழுதுவேன்.

குடியிருப்பவர்கள் காலி செய்ய இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் நான்தான் எழுதினேன்.

செப்டம்பர் 29

இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுக்கிறேன், வைக்கிறேன். வீடு பழக அந்த அம்மாவுக்கு ஏழு மாதம் பிடித்ததாம். ஏழு மாதம் அவர் நெற்றியில் காயம் ஆறியதே இல்லை என்று அவர் கணவர் ஒருமுறை சொன்னார்.

அக்டோபர் 1

"உங்களால முடியாது. குடுங்க இங்க, நான் சொல்றேன்." இவளே கூப்பிட்டாள். இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு, ஒரு மணி நேரம் ஆனது. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது தொலைபேசி மேசைமேல் இருந்தது. இவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."



அக்டோபர் 3

காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"என் அலமாரியில எந்தத் தட்டுல என்ன வச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு. அவ கடகடன்னு சொல்றா. எதையும் எடம் மாத்தல அக்கா, நீங்க வச்சபடியே இருக்குங்கறா." சீப்பை வைத்தாள். "தம்பி வீட்டுக்குப் பின் தெருவுல ஒரு மாடி காலியா இருக்காம். நாம அங்க இருந்துக்கலாம். ஒரு வருஷம். அதுக்கு மேல கிடையாது. அதுக்குள்ள அவங்க பக்கத்துலயே ஒரு வீடு பாக்கட்டும். அவ கூட நானும் போயி நடந்து பழக்கறேன்."

"நீ நல்லவ" என்றேன்.

"தெரியும். பெட்டியத் தூக்கி மேல வைங்க."

அக்டோபர் 4

சொல்லிவிட்டோம். குடியிருப்பவர் அழுதார். அந்த அம்மா, "ஒரு வருஷம் எதுக்கு சார், எட்டு மாசம் போதும்" என்றார். இதிலும் பேரமா என்று இவள் அதட்டினாள்.

டிசம்பர் 11

ஊர் வந்து ஐந்து நாள். மாடி வீட்டில் குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

மாலையில் இருவரும் எங்கள் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று மணி அடித்தேன். அந்த மணி வெளியே நிற்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அந்த அம்மா கதவைத் திறந்தார். "வாங்கக்கா, வாங்க சார். செருப்ப வலப்பக்கமா சுவரோரம் விடுங்க" என்றார். விட்டோம். இவள் தண்ணீர் கேட்டாள். "நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்தவளை, "நீங்க உக்காருங்கக்கா" என்று உட்கார வைத்துவிட்டு அந்த அம்மாவே போய்க் கொண்டுவந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவள் டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தாள்.

கிளம்பும்போது, உட்கார்ந்திருந்த நாற்காலியை நினைவாகப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தேன். அந்த அம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு விரல் உள்ள தள்ளுங்க சார்" என்றார்.

தள்ளினேன்.