எமிலிக்கு மட்டும்

சம்மனசுபட்டி,
உத்தமபாளையம் வழி.
12 ஏப்ரல் 2023

அன்புள்ள எமிலிக்கு,

மடத்தில் உனக்கு அருள்மேரி என்று பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை. சகோதரி, கிகோதரி எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு நீ கீழத்தெரு எமிலிதான். கோபித்துக்கொள்ளாதே.

நீங்கள் வெளியே வராத மடம், கைபேசியும் கிடையாது. அதனால் இந்த ஊரில் கடிதம் எழுதுகிற கடைசி ஆள் நான்தான். தபால்காரன் கருத்தக்கண்ணன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குக்கா இது, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கா?" என்கிறான். "ஆமடா, உன்னை மாதிரி வாயாடாத மாப்பிள்ளை" என்றேன்.

ஈஸ்டர் நல்லபடி முடிந்தது. புதிதாக வந்திருக்கும் அமல்ராஜ் ஃபாதர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மே மாதம் கோடை வகுப்பு தொடங்குகிறது. முதல்முறை நற்கருணை வாங்கப்போகிற புதுநன்மைப் பிள்ளைகள் வழக்கம்போல என் பொறுப்பு.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

வருகிற மாதத்தோடு என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். கொரோனாவில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முழங்கால் தேய நவநாள் ஜெபம் சொன்னேன். கடைசியில் முகத்தைக்கூடக் காட்டாமல் மூடிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பரலோக மந்திரத்தில் "உமது திருவுளம் நிறைவேறுக" என்ற இடம் வந்தால் என் வாய் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சத்தமாகச் சொல்லும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். இதுவரை யாரும் கவனித்ததில்லை.

விசுவாசம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். புருஷனோடு பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் வேளாவேளைக்குச் சமைத்துப் போடுகிற பெண்டாட்டிகள் இல்லையா? ஆண்டவரோடு அப்படித்தான் காலம் தள்ளுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் மனம் கொஞ்சம் இளகுகிறது. அந்த வகுப்பும் இல்லையென்றால் நான் கோவில் வாசலை மிதிக்கக் காரணமே இருக்காது.

இதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்,
பாக்கியம்


தியான மடம்.
24 ஏப்ரல் 2023

இயேசுவில் பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. மதர் தைலம் கொடுத்தார்கள். தைல வாசனையில் கோவிலில் பக்கத்துச் சகோதரிகள் தும்முகிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

நீ எழுதியதைப் படித்து அழுதேன். உன் வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனிதர்! பெண்கள் ஜெபமாலைக்குப் போனால் வந்து சேரும்வரை டார்ச் லைட்டோடு தெரு முக்கில் நிற்பாரே. உன் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாக்கியம், திருவுளம் என்பதை நாம் எதிர்த்து நிற்க முடியுமா? சின்னஞ்சிறு பிள்ளைகள் உன் வாயைப் பார்த்துத்தான் ஜெபம் படிக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் உங்கள் அமல்ராஜ் ஃபாதர் எங்களுக்குத் தியானம் கொடுக்க வந்திருந்தார்கள். மிகவும் இரக்கமுள்ளவர். நீ அவரிடம் மனம்விட்டுப் பேசினால் நல்லது. நீ தனியாக இல்லை. உனக்காக நான் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
சகோ. அருள்மேரி


சம்மனசுபட்டி.
6 மே 2023

அன்புள்ள எமிலி,

உன் கடிதம் கிடைத்தது. பிரசங்கம் கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் உன்னிடம் சொன்னதிலேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. நாலு நாளாக நன்றாகத் தூங்குகிறேன். ஃபாதரிடம் பேசுகிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. உன்னிடம் சொன்னதே போதும்.

வகுப்பு களைகட்டிவிட்டது. பெரிய பிள்ளைகளுக்கு மதுரையிலிருந்து வந்த இளைஞர்கள் பாட்டு, நாடகம் என்று கோவிலையே அதிரவைக்கிறார்கள். என்னோடு ஜெபம் சொல்லித்தருகிற ரீட்டா சின்னப் பிள்ளைகளை வைத்துப் படம் வரையச் சொல்கிறாள். என் புதுநன்மைக் கூட்டம் வேப்பமரத்தடியில். நற்கருணை அப்பம் வாங்கப் பழக்குவதற்கு அப்பளத்தைச் சின்ன வட்டமாகக் கத்தரித்து, பொரிக்காமல் நாக்கில் வைக்கிறேன். உப்புக் கரிக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆனால் கடிக்காமல் விழுங்கப் பழகிவிட்டார்கள்.

ஸ்டான்லி என்று ஒரு வாலு இருக்கிறான். "டீச்சர், சேசு வயித்துக்குள்ள போனப்புறம் நம்ம பரோட்டா தின்னா, அது அவரு தலையில விழுகுமா?" என்று கேட்டான். "அவரு ஒதுங்கி வழிவிட்டுக்கிருவாருடா, நீ ஆற அமரத் தின்னு" என்றேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன. ரொம்ப நாளைக்கு அப்புறம் நானும் வாய்விட்டுச் சிரித்தேன், எமிலி.

நேற்று காலை ஃபாதர் வந்து, நாங்கள் பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். புதிதாக வந்தவர், ஆட்களைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறார் போலிருக்கிறது.

மாதா வணக்க மாதம் அல்லவா, சாயங்காலம் மாதா சுரூபத்தை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் வீட்டு முறை பதினைந்தாம் தேதி. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களுக்குச் சுண்டலும் பானக்கமும் கொடுக்க எண்ணம்.

உன்,
பாக்கியம்


சம்மனசுபட்டி.
17 மே 2023

எமிலி,

நேராகக் கேட்கிறேன். நான் உனக்கு எழுதியதை அமல்ராஜ் ஃபாதரிடம் சொன்னாயா?

பதில் எனக்குத் தெரியும். என்றாலும் உன் கையால் எழுதி வரவேண்டும்.

பதினைந்தாம் தேதி மாதா என் வீட்டுக்கு வந்தாள். வாசலெல்லாம் ஆட்கள். மல்லிகை மாலை போட்டு, மேசையில் சீலை விரித்து, என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்திலேயே சுரூபத்தை வைத்தேன். ஜெபமாலை முடிந்தது. ஜெபக் கருத்துகள் சொல்லும் நேரம். மழைக்காக, விளைச்சலுக்காக, பரீட்சை எழுதின பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டே வந்த ஃபாதர் கடைசியில் சொன்னார்: "பிள்ளைகளுக்குச் செபம் கத்துக்குடுக்குற இடத்துல இருந்தும், ஆண்டவரோட திருவுளத்தை ஏத்துக்க முடியாமத் தவிக்கிற நம்ம சகோதரிக்காக மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் நானும் சேர்ந்து சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்காக என்று உறைத்தது.

பேர் சொல்லவில்லையாம். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தருகிற பெண்கள் ரெண்டே பேர். ரீட்டாவுக்கு ஒரு குறையும் இல்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். மிச்சம் யார்? ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. அந்தத் தலைகளுக்குத்தான் நான் சுண்டல் பரிமாறினேன்.

மறுநாள் காலை ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். "பாக்கியக்கா, நீங்க ரொம்பச் சோர்ந்திருக்கீங்க. இந்த வருசம் புதுநன்மை வகுப்பை ரீட்டா பாத்துக்கிரட்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுல எத்தனை நாளைக்குத்தான் சமைச்சுப் போடுவீங்க?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது. அந்த வார்த்தையை நான் உலகத்தில் ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

குழாயடியில் சொர்ணலதா எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறாள்: "ஏத்தா, உனக்கு சாமி மேல நம்பிக்கையே இல்லையாமே? ஃபாதரே சொன்னாகளாம்ல?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகள் இப்போதும் அதே மரத்தடியில்தான் படிக்கிறார்கள். என் வீட்டு ஜன்னல் வழியே சத்தம் கேட்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுங்குகிறது, திறந்தால் அந்த வரி வந்து காதில் விழுகிறது.

ஊர்க்காரி சொல்லியிருந்தால் பெருக்கித் தள்ளியிருப்பேன். ஃபாதரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவர் எனக்கு யார்? நீ செய்ததுதான் ஆறமாட்டேன் என்கிறது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, எமிலி. எனக்கென்று மிச்சமிருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். அது உனக்குத் தெரியும். நானேதான் எழுதியிருந்தேன்.

பதில் எழுது.

பாக்கியம்


தியான மடம்.
23 மே 2023

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

ஆம். நான்தான் சொன்னேன்.

பேச்சுவாக்கில் வாய் தவறிச் சொல்லவில்லை. தியானம் முடிந்து ஃபாதர் புறப்படுவதற்கு முன்னால், நானே நேரம் கேட்டு, நீ எழுதியதை அப்படியே சொன்னேன். உனக்காக ஜெபிக்கச் சொன்னேன். எங்கள் மடத்தில் யார் கஷ்டத்தைக் கேள்விப்பட்டாலும் அதைக் கருத்தாக வைத்து எல்லாரும் சேர்ந்து மன்றாடுவதுதான் வழக்கம். ஒருவர் பாரத்தை ஒருவர் இறக்குவது அப்படித்தான். உன்னுடையதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவர் அதை உன் வீட்டிலேயே, ஊர் முன்னால் வைப்பார் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. வகுப்பை உன்னிடமிருந்து எடுப்பார் என்றும் நினைக்கவில்லை.

ஆனால் பாக்கியம், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்காகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்கால ஜெபத்தில் அந்த வரி வந்தபோது எனக்கும் நாக்கு ஒரு நொடி தடுமாறியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மதிலுக்குள் வந்தவள் நான். எனக்கு இந்த ஜெபம் நின்றுபோனால் என்ன மிஞ்சும்? பயந்துவிட்டேன். கையில் நெருப்பை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன்.

அதனால் உனக்கு இப்படி ஆகிவிட்டது. ஃபாதருக்கு மதர் மூலமாக எழுதியிருக்கிறேன், உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி. கேட்பாரா தெரியவில்லை.

நற்கருணை முன்னால் முழங்காலிட்டால் உன் முகம்தான் வருகிறது. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பழையபடி என்னைத் திட்டியாவது எழுது.

உன்,
எமிலி


சம்மனசுபட்டி.
9 ஜூன் 2023

மதிப்புக்குரிய சகோதரி அருள்மேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மே 28 ஞாயிறன்று புதுநன்மைத் திருப்பலி நல்லபடி நடந்தது. அதற்கு முந்தின நாள்தான் கம்பம் ஊருக்குள் யானை புகுந்தது. அந்தப் பயத்தில் வெளியூர் உறவினர்கள் பலர் வரவில்லை. பிறகு யானை சண்முகா நதிப் பக்கம் திரிவதாகச் சொல்லி, ஒரு வாரம் யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. இந்தத் திங்கட்கிழமைதான் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுவர்த்தியோடு அழகாக வந்தார்கள். யாரும் கடிக்கவில்லை. ரீட்டா நன்றாகவே நடத்தினாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். வெகுநேரம் இருந்தார்கள். என்ன பேசினோம் என்பதை எழுதவில்லை.

அமல்ராஜ் ஃபாதர் அடுத்த வருடம் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றார். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகிறேன், வருகிறேன். ஆண்டவரோடு பேசுகிறேனா இல்லையா என்பது அவருக்கும் எனக்கும் இடையில் உள்ளது.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். மன்னித்துவிட்டேன். எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் மன்னித்தவரை மறுபடியும் நம்ப வேண்டும் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்படி ஒரு பாடம் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நாக்குத் தடுமாறியது என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

மலையில் சாரல் தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் திறந்தால் நாற்றுப் பாவ வேண்டும். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது.

இதை மதர், ஃபாதர், யாருக்கு வேண்டுமானாலும் நீங்கள் படித்துக் காட்டலாம். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ம. பாக்கியம்