காற்றில்லாத இடத்து அலை

18.11.1971, இரவு 11.20. வந்த கப்பல் அறிக்கைகள் ஏழு. நான் சேர்த்தது ஆறு.

காலையில் மெட்ராஸ் வானிலை ஆபீசில் அலை வரைபடம் போட்டேன். தெற்கே ஒரு கப்பல், காற்றே இல்லை, ஆனால் பன்னிரண்டு அடி அலை என்று அனுப்பியிருந்தது. எவனோ தப்பாகப் பார்த்திருக்கிறான் என்று அதை அடித்துவிட்டேன். ஐந்து அடி என்று முன்னறிவிப்புப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால், தறிக்குழியில் உட்கார்ந்தபடியே அக்கா கேட்டாள்: "மாமா கப்பல் காலைல எட்டு மணிக்குக் கெளம்புது. பயமில்லையேபா?"

"அஞ்சடிதான். நீ வேலையப் பாரு."

"நீ சொல்லிட்ட இல்ல, போதும்."

அப்புறம்தான் உறைத்தது. எங்கேயோ அடிக்கிற புயல் கிளப்பின அலை, காற்றை விட்டுவிட்டுத் தனியாக வரும். படித்ததுதான். அந்தக் கப்பல் பார்த்தது அதையா, இல்லை வெறும் தப்பா? குழப்பமாக இருக்கிறது.

1. முதல் பஸ்ஸில் மெட்ராஸ்.
2. அடித்ததைச் சேர்த்து மறுபடி வரைவது.
3. எட்டு மணிக்குள் துறைமுகத்துக்கு போன்.
4. அக்காவிடம், எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது. இதுதான் முதலில்.