சாய்ந்த எழுத்தில் நாற்பத்தொரு வரிகள்

சான் பெனீத்தோ, டெக்சாஸ்
மார்ச் 4

அன்பு மகள் ஓத்தீலியாவுக்கு அம்மா சொல்ல, வழக்கம்போல உன் தங்கை ஃபிதேலா எழுதுவது. நீ அனுப்பிய கட்டுரையில் மற்ற எழுத்தெல்லாம் நிமிர்ந்து நிற்க, என் கடிதங்களிலிருந்து எடுத்த வரிகள் மட்டும் சாய்ந்து கிடப்பதை முதலில் கவனித்தவள் இவள்தான். கவனித்தவள் வாயைத் திறக்கவில்லை, காது மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்தது, நான் அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இடது முட்டி மட்டும் சுகமில்லை, அது யார் பேச்சையும் கேட்காததால் அதைக் குடும்பத்தில் சேர்க்கவில்லை. நீயும் அந்தப் பனியில் இரட்டைக் காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், மாதாவுக்குப் பனியைப் பற்றி எவ்வளவு தெரியுமோ தெரியாது.

கட்டுரை செவ்வாய்க்கிழமை வந்தது. இதை நீ பத்தொன்பதாம் தேதி ஐந்து பேராசிரியர்கள் முன்னால் படிக்க வேண்டும், அவர்கள் தலையாட்டினால் வேலை உயிருள்ளவரை நிரந்தரம், ஆட்டாவிட்டால் ஜூன் மாதம் பெட்டி கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்பா எனக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறார். கூடவே ஒரு படிவமும் வைத்திருந்தாய், 'இதிலுள்ள கடித வரிகள் எல்லாம் என் சொந்தச் சொற்கள்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். படிக்காத தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், சலவை இயந்திரம் வாங்கியபோது உத்தரவாதச் சீட்டை விற்க வந்தவனையே முழுக்கப் படித்துக்காட்ட வைத்தவள் நான், பாவம், அவனுக்கும் அதுதான் முதல் தடவையாம். ஆகவே புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து என் தங்கை கூக்கா, அதாவது உன் சித்தி, கூப்பிடாமலே காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டாள். உன் ஆங்கிலத்தை நம் ஸ்பானிஷ் பேச்சில் மாற்றிச் சொல்லும் வேலை ஃபிதேலாவுக்கு.

முதல் இரண்டு பக்கம் பெருமையாக இருந்தது. நம் பெண்கள் எழுதிய கதையும் கவிதையும் மட்டும் இலக்கியமில்லை, ஒரு டயர்க்கடைக்காரரின் மனைவி தன் மகளுக்கு எழுதும் கடிதமும் லத்தீனா இலக்கியம், அதாவது நம் இனத்துப் பெண்களின் இலக்கியம்தான் என்று நீ ஆரம்பித்தபோது அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் உன் மூத்த பெண் என்ன பாடம் நடத்துகிறாள் என்று கேட்டால், நம்ம பொம்பளைங்க எழுதினதை வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றா என்பார். போன வாரம் ஒருத்தன் அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க என்று கேட்டிருக்கிறான், ஏன், சும்மா கிடக்கிற காத்துக்கு நீ எனக்குக் காசு தரலையா என்று அப்பா கேட்டாராம். பிறகு கோழி வந்தது. நம் சிவப்புக் கோழி பழைய லாரி டயருக்குள் முட்டையிடுகிறது என்று நான் எழுதியதற்கு நீ ஒரு பக்கம் விளக்கம் போட்டிருக்கிறாய், ஊர் ஊராக ஓட வேண்டிய டயர் வீடாகி நிற்கிறது, வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் அலைந்த நம் ஜனங்களின் ஏக்கம் அதில் இருக்கிறது என்று. மகளே, அந்தக் கோழி சோம்பேறி. கூண்டுக்கு ஏற நான்கு படி இருக்கிறது, அது ஏறாது, அவ்வளவுதான். ஆனால் நீ எழுதியதைக் கேட்டதிலிருந்து அப்பா அதை விரட்டுவதில்லை, பக்கத்தில் போனால் குரலைக்கூடத் தணித்துக்கொள்கிறார். இன்னோரிடத்தில் என் மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கூக்கா காப்பியை மூக்கு வழியாக விட்டாள். அக்காவுக்கு மௌனமா, அது எந்த வருஷம், நான் ஊர்ல இல்லாத வருஷமா என்று கேட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அவள்தான் பிறகு கண்டுபிடித்ததும். ஏண்டி ஃபிதேலா, பக்கம் பக்கமா சாஞ்ச எழுத்தா இருக்கு, நீ என்ன பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி விட்டு விட்டுப் படிக்கிறே என்று தாளைப் பிடுங்கினாள். சாய்ந்த வரிகளை நீ நம் மொழியிலேயே போட்டிருந்ததால் கூக்காவே படித்துவிட்டாள். 'குளிர்பெட்டி இரவெல்லாம், தன் பெயரை மறந்துவிட்டு யோசிக்கிற ஆளைப்போல முனகுகிறது.' நான் அப்படிச் சொல்லவே இல்லை. குளிர்பெட்டி கெட்டுவிட்டது, உன் அத்தை மகன் சரி பண்ணுகிறேன் என்று வந்து நான்கு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்றுதான் சொன்னேன். அடுத்த வரி, 'நீ ஏறிய பேருந்து கிளம்பிப் போன பிறகு, காற்று நிறைந்திருந்த டயர்களுக்கே அப்பா மறுபடி காற்று அடித்துக்கொண்டிருந்தார்.' இதுவும் நான் சொன்னதில்லை, எனக்குத் தெரியவே தெரியாது. இது பொய், இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா, மாதா படம் மேலேருந்து பார்த்துக்கிட்டிருக்கு என்று கத்திவிட்டேன். அப்போது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, நாலு டயருக்கும் அடிச்சேன், ஸ்டெப்னிக்கும் அடிச்சேன் என்றார். நீ எழுதிய மௌனம் இந்த வீட்டுக்கு அப்போதுதான் வந்தது.

திரும்பிப் பார்த்தால் ஃபிதேலாவைக் காணோம். உனக்குத்தான் தெரியுமே, பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள், அதனால் வெள்ளிக்கிழமை போவதை நிறுத்தினாள், பிறகு வியாழன் சேர்ந்துகொண்டது, பதினைந்து வயதில் வாரமே முடிந்துவிட்டது. பதினேழாகிறது, இப்போதும் தெரியாத ஆள் கடைக்கு வந்தால் டிராக்டர் டயர் அடுக்குக்குப் பின்னால்தான் இருப்பாள். அன்றும் அங்கேதான். அப்பா போய் டயர்களிடம் கெஞ்சினார், கூக்கா டயர்களை அதட்டினாள், வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர் இந்தக் கடையில் டயருக்குக் காது உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் நான் போய், எத்தனை கடிதத்தில இப்படிப் பண்ணினே என்று கேட்டேன். எல்லாத்துலயும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏன் என்றேன். அம்மா, நீங்க எல்லாரும் சுகம்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுறீங்க, பாதித் தாள் காலியா இருக்கு, அக்கா அவ்வளவு தூரத்துல இருக்கா, அவளுக்குப் பாதித் தாள் போதுமா, நான் பொய் எழுதலை, பார்த்ததைத்தான் எழுதினேன் என்றாள். இவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இதையெல்லாம் அப்படியே எழுது என்றேன், எழுதுகிறாள், தலையைத்தான் நிமிர்த்தவில்லை.

அதனால் நேற்று உட்கார்ந்து வரிகளைப் பிரித்தோம். அப்பா டயரில் அடையாளம் போடும் சுண்ணக்கட்டிகளைக் கொண்டுவந்தார், மஞ்சள் எனக்கு, வெள்ளை இவளுக்கு. மொத்தம் நாற்பத்தொரு சாய்ந்த வரிகள். இருபத்திரண்டு என்னுடையவை, கோழி என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். பதினெட்டு இவளுடையவை. எழுதியதெல்லாம் இவளுக்கு மனப்பாடமாக இருக்கிறது, எந்த மாதம், எந்த மையில் என்றுகூடச் சொல்கிறாள். கூக்கா தனக்கும் ஒரு வரி வேண்டும் என்று நச்சரித்தாள், கிடையாது என்று சொல்லிவிட்டேன். அதோடு நாற்பது ஆயிற்று. மிச்சம் பதினோராம் பக்கத்தில் இருக்கிற வரி. 'நீ போனதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பீன்ஸ் பானையில் உன் பங்குக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.' இதை நான் சொல்லவில்லை. நானும் எழுதலையே என்று இவளும் மாதா படத்தைத் தொட்டுச் சொன்னாள். அதற்கு எந்தச் சுண்ணக்கட்டியும் இல்லை மகளே. மூன்று பேரில் மிச்சம் நீதான்.

எனக்குக் கோபமில்லை. நீ அங்கே தனியாக உட்கார்ந்து, அம்மா இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்திருப்பாய், நினைத்ததை என் பெயரில் சாய்த்து வைத்துவிட்டாய். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர் எங்கே அந்தக் கடிதம், காட்டுங்கள் என்று கேட்டால் நீ எதைக் காட்டுவாய்? ஒரு வரிக்காக ஏழு வருஷத்துப் பனி வீணாகிவிடும். என் பேச்சைக் கேள், அந்த ஒரு வரியை நிமிர்த்திப் போடு, அது உன் எழுத்தாகவே நிற்கட்டும். பதினெட்டு வரிக்கு அம்மா என்று போட்ட இடத்தில் தங்கை என்று போடு. கட்டுரை கெட்டுவிடும் என்று அழாதே, ஒரு வீட்டில் ஒருத்தி எழுதினாள் என்பதைவிட மூன்று பேர் எழுதினார்கள் என்பது பெரிய விஷயம்தானே, நான் பேராசிரியராக இருந்தால் இரண்டு தடவை தலையாட்டுவேன். பதினைந்து நாள் இருக்கிறது, நீ பத்து வயதில் ஒரே ராத்திரியில் ஒன்பது தடவை ஞானப்பாடம் எழுதியவள். இன்னொன்று, நான் பீன்ஸ் பானையில் உன் பங்குக்கும் தண்ணீர் ஊற்றுவது உண்மைதான். அதனால்தான் அப்பா குண்டாகிவிட்டார். உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை.

படிவத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது, அப்பா அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டிருக்கிறார், கொஞ்சம் கோணல், தப்பாக நினைக்காதே. மேல் கோட்டில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழ்க்கோடு இவளுக்கு. நேற்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள், தெரியாத அஞ்சு பேர் என் பேரைப் பார்ப்பாங்களே என்கிறாள். இவள் போடாவிட்டால் என் கையெழுத்தையும் அடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன், நான் சொன்னால் செய்வேன் என்பது உனக்கும் தெரியும். கட்டுரையில் சுண்ணப் பொடி ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டுப் படி. பத்தொன்பதாம் தேதி காலையில் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகிறவள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். மாதா உன் தலைமேல் தன் போர்வையை விரிக்கட்டும், அந்த ஐந்து பேருக்கும் நல்ல தூக்கமும் நல்ல மனசும் கொடுக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எடுத்துப்போன, தமாலே அவிக்கும் பெரிய பானையை மறக்காமல் கொண்டு வா, பெயர் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

உன்னை நெற்றியில் முத்தமிடும் அம்மா,
பிரீஹிதா லொங்கோரியா

அக்கா, இனிச் சொல்வதும் நான்தான். அம்மா பானையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்தக் கடிதத்திலும் மூன்று வரி அம்மா சொல்லாதவை, எவை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். படிவம் என் முன்னால் இருக்கிறது. கடையில் யாருமில்லை. பேனாவை எடுத்து, கீழ்க்கோட்டில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.