குழாயில் கட்டிய பச்சை வயர்

அன்பு மகள் நிங்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தைவானில் நீ சுகமாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யில் தொடங்கக் கை வரவில்லை. ஏன் இந்தக் கடிதம் என்று யோசிப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே ஃபோனில் நீ பேசும்போது உன் அப்பா என் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறந்தால் "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு" என்று முழங்கையால் இடிக்கிறார். பக்கத்து வீட்டு தர்மி அக்கா ஃபோனை இரவல் வாங்கிப் பேசினால் ஊருக்கே தமுக்கு அடித்த மாதிரி. அவள் மகன் நாளைக் காலை விமானத்தில் தைவானுக்குத் திரும்புகிறான், நெத்திலிச் சம்பல் பாட்டிலோடு இதையும் கொடுத்து விடுகிறேன். நாளை மறுநாள் உன் கையில் இருக்கும்.

விஷயம் உன் மெஷின். நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்த மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் சி.என்.சி மெஷினை விட்டுவிட்டுப் போனபோது, யாருக்கு இந்த இரும்புக்கூடு என்று நான் திட்டினேன். ஆனால் உன் அப்பா வேலை பார்த்த பிளைவுட் ஆலையை மூடிய பிறகு டிவி முன்னால் சுருண்டு கிடந்த மனிதரை எழுப்பி உட்கார வைத்தது அதுதான், அதை மறைக்க மாட்டேன். வீட்டுப் பெயர்ப்பலகை, பள்ளிவாசலுக்கு எழுத்துப் பலகை என்று தெருவே அவரைத் தேடி வந்தது. நடுவில் அது சாயங்காலம் மஃரிப் தொழுகை நேரமானால் மட்டும் பேய் பிடித்த மாதிரி நின்றுவிடும், இல்லையென்றால் இடம் தவறி வெட்டும். "ஜின் ஏதாச்சும் நுழைஞ்சிருக்கும், ஓதித் தண்ணி தெளி" என்றாள் தர்மி அக்கா. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய நாம் குழாயைத் திறந்ததும் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, அது கிளப்புகிற மின் இரைச்சல் மெஷின் ஓரத்தில் இருக்கிற சுவிட்சின் வயருக்குள் புகுந்து, மெஷின் ஓரத்தில் முட்டிவிட்டதாக நினைத்து நின்றுவிடுகிறது என்று நீ ஃபோனில் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சுவிட்ச் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், எர்த்தும் கொடுங்கள் என்றாய். முதலாவதை அன்றைக்கே செய்தார். இரண்டாவதில்தான் வினை.

நம் வீட்டில் எர்த் எங்கே இருக்கிறது சொல். சுவரில் இரண்டு ஓட்டைதான், மூன்று கால் பிளக் வாங்கினால் மூன்றாவது காலை அறுத்துவிட்டுச் சொருகுகிற ஊர் இது. அப்பா என்ன செய்தார், மெஷின் உடம்பிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயில் இறுக்கிக் கட்டினார். மெஷின் பூனைக்குட்டி போல ஆகிவிட்டது, மோட்டார் ஓடினாலும் ஒரு மயிரிழை விலகவில்லை. "நிங் சொன்னா சொன்னதுதான்" என்று மூன்று வீட்டுக்குப் போய்ப் பெருமை பேசினார். அதற்குப் பிறகுதான் குழாயைத் தொட்டால் என் விரல் சுர்ரென்றது. சொன்னால் சிரிக்கிறார், "அது உன் சக்கரை வியாதி புள்ள, டாக்டர்கிட்ட கேளு" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? மெஷினைத் தொட்டால் கிள்ளுகிறது என்று வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு திரிகிறவர். நானும் சர்க்கரைதான் என்று நம்பினேன். ஆனால் மெஷின் ஓடாத நாளில் விரல் சும்மா இருந்தது. போன வருஷம் பைப் மாற்றியபோது குழி தோண்டியது நானும்தானே, வெளியே முழுக்க வெள்ளை பிளாஸ்டிக், சுவருக்குள் மட்டும் இரும்பு. அந்தக் குழாய் மண்ணைத் தொடவே இல்லை நிங். கரண்டை மண்ணுக்கு அனுப்புவதாக நினைத்து நாங்கள் கை கழுவுகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

திங்கட்கிழமை மஃரிப் பாங்கு கேட்டதும் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்தார். பிளக்கைப் பிடுங்கமாட்டார், பிடுங்கினால் அது வெட்டிய இடத்தை மறந்துவிடுமாம். அன்று மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஈரத்தில் நின்று குழாயைப் பிடித்திருக்கிறார். வாளி உருளுகிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது சுவரோரம் விழுந்து கிடந்தார், கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகுதான் அவரைத் தொட்டேன், அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "பாசி வழுக்கிருச்சு" என்றார். அன்று காலையில்தான் அந்தத் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தேன். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிங்குகிட்ட சொல்லிடாத, அவ சொல்லித்தானே கட்டினேன், தன்னாலதான்னு நெனச்சு அழுவா" என்றார். வழுக்கி விழுந்ததற்கு நீ ஏன் அழ வேண்டும்? அவருக்குத் தெரியும் நிங். தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

மறுநாள் அவர் வெளியே போனபோது அந்த வயரை நானே அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் மெஷின் துள்ளிக் குதித்துப் பள்ளிவாசல் பலகையில் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தது. என்னைத் திட்டவில்லை. அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார், பிறகு எழுந்துபோய் வயரைத் திரும்பக் கட்டினார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது குழாயில் தண்ணீர் சொட்டினாலே எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன். டீ குடிக்கும்போது வலது கையில் எடுத்த கிளாஸை அவர் இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

அதனால் இதைப் படித்ததும் அவரைக் கூப்பிடு. அழாதே, அழுதால் கண்டுபிடித்துவிடுவார். உனக்காகவே ஏதோ ஞாபகம் வந்த மாதிரி பேச்சோடு பேச்சாகக் கேள், எர்த்தை எங்கே கட்டினீர்கள் என்று. குழாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொல்லையில் செம்புக்கம்பி ஒன்றை ஆழமாக அடித்து அதில் கட்டச் சொல். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச் ஒன்று உண்டாமே, அதைப் போடச் சொல். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கச் சந்தையில் மலிவாக வாங்கிய அந்தப் பவர் சப்ளை பெட்டியைத் தூக்கி எறியச் சொல், உள்ளே என்ன கருகிக் கிடக்கிறதோ. நான் சொன்னால் "கரண்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்" என்பார். நீ சொன்னால் கேட்பார், நீ சொன்னதைத்தானே பாதி கேட்டு இந்தக் கோலம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை மகளே, சத்தியமாக இல்லை. நீயும் அங்கே ஆலையில் ஈரக்கையோடு எதையும் தொடாதே, தலைக்குக் குளித்தால் காயவிட்டு வேலைக்குப் போ.

அல்லாஹ் உன்னைக் கண்ணின் இமை போலக் காக்கட்டும், நல்லபடியாகப் பெருநாளுக்கு வீடு வந்து சேர். ஃபோன் செய்வதை மட்டும் மறந்துவிடாதே, தள்ளியும் போடாதே. நீ பேசுகிறவரைக்கும் பாங்கு சொன்னதும் அவருக்கு முன்னால் நான் ஓடிப்போய்க் குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன். "என்ன புள்ள, சொர்க்கத்துக்கு அவ்ளோ அவசரமா?" என்று பின்னால் நின்று கேலி செய்கிறார்.

உன் அம்மா,
சுமிலா